சரணாகதியின் உரைநடை

‘ஈகோவை விடு, சரணடைந்துவிடு’ என்பதுதான் இன்றைய வார இறுதி முகாம்களின் மந்திரம். முடிவெடுக்கும் பாரத்தைக் குருவின் மேல் இறக்கிவைத்தால் மனம் லேசாகுமாம். எதிர்முனையில் நம் முற்போக்கு விமர்சகர்கள், சரணாகதி அடிமை மனத்தின் தத்துவம் என்று ஒரே வரியில் கதையை முடிக்கிறார்கள். சரணடைந்தவனுக்குச் செய்ய ஒன்றுமில்லை என்பதில் மட்டும் இரு தரப்புக்கும் ஒற்றுமை. தமிழில் இந்த வழக்கு எழுநூறு ஆண்டுகளுக்கு முன்பே இதைவிடக் கூர்மையாக நடந்து முடிந்ததை இரு தரப்பும் கவனிக்கவில்லை.

அப்பர், மாணிக்கவாசகர், நம்மாழ்வாரை வாசகர் அறிவார். ‘நான்’ கரைவதை அவர்கள் பாடினார்கள். இலக்கணம் எழுதியவர்கள் பின்னால் வந்தார்கள். 13ஆம் நூற்றாண்டில் மெய்கண்டார் சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களில் சைவ சித்தாந்தத்துக்கு அடித்தளமிட்டார். சித்தாந்தத்தில் ஆணவம் அநாதியானது. முத்தியிலும் அழிவதில்லை, அதன் சக்திதான் அடங்குகிறது. மூன்று நாளில் ஈகோவைக் கொன்று காட்டுபவர்கள் இதை ஒருமுறை படிக்கலாம். ஆனாலும் சித்தாந்த சாத்திரங்கள் எனக்கு வறண்டவையே. ஆணவம் முதலான மலங்களை வகைபிரிப்பதில் காட்டும் சுறுசுறுப்பை மனிதன் தன்னைத்தானே ஏமாற்றிக்கொள்ளும் விதங்களைக் கவனிப்பதில் அவை காட்டவில்லை.

அதைக் கவனித்தவர் திருவரங்கத்தில் இருந்தார். நம்பிள்ளையின் திருவாய்மொழி விளக்கத்தை ஈடு முப்பத்தாறாயிரப்படியாக ஏடுபடுத்திய வடக்குத் திருவீதிப் பிள்ளையின் மகன், பிள்ளை லோகாசாரியர். அவருடைய 18 ரகசிய நூல்களின் உச்சம் ஸ்ரீவசனபூஷணம். தென்கலை, வடகலை என்றாலே தாய் கவ்விச் செல்லும் பூனைக்குட்டி, தாயைப் பற்றிக்கொள்ளும் குரங்குக்குட்டி உவமைகளோடு நம் பேச்சு நின்றுவிடுகிறது. அது அவருக்குச் செய்த பெரிய அநியாயம். ‘நான் சரணடைந்தேன்’ என்பவனிடம் அந்த ‘நான்’ போய்விட்டதா என்பதுதான் அவருடைய இரக்கமற்ற விசாரணை. மற்ற வழிகளை அகங்காரம் கலந்தவை என்று ஒதுக்கியவர் தன் கட்சிக்கும் சலுகை தரவில்லை. சரணாகதியையே அருளுக்குக் கொடுத்த விலையாக எண்ணினால், அகங்காரம் அதற்குள்ளும் வந்து உட்கார்ந்துவிடும். வழி இறைவன் மட்டுமே. அருளுக்கு ஒரு வியாஜமாவது, அதாவது ஒரு சாக்காவது வேண்டும், இல்லையேல் இறைவன் பட்சபாதியாகிவிடுவான் என்ற வடகலையின் வேதாந்த தேசிகரின் வாதம் தர்க்கத்தில் வலுவானதுதான். ஆனால் மனத்தின் கள்ளத்தனத்தை அறிந்தவர் லோகாசாரியரே.

விமர்சகர்கள் படித்திருக்க வேண்டியது பிறவியைப் பற்றி அவர் எழுதிய பகுதியை. உயர்ந்ததென்று மயங்கப்படும் பிறவி அஞ்சத்தக்கது. நழுவி விழ அதில்தான் வாய்ப்பு அதிகம் என்கிறார். தாழ்ந்ததெனப்படும் பிறவிக்குப் பணிவு இயல்பு என்று அவர் சேர்த்துக்கொள்வது இன்று உறுத்துகிறது. அங்கே பணிவு திணிக்கப்பட்டது அல்லவா? இருந்தும், அகந்தையை ஒருவனுடைய மனக்கோளாறாக மட்டும் பார்க்காமல் குலப்பெருமையில் கொண்டுபோய் வைத்துப் பார்த்த துணிச்சல் இன்றைய முகாம் குருக்கள் எவரிடமும் இல்லை.

செயலற்ற தத்துவமா இது? 14ஆம் நூற்றாண்டில் தில்லி சுல்தானின் படை திருவரங்கத்தை நெருங்கியபோது, தள்ளாத வயதில் லோகாசாரியர் கோயில் உற்சவரான நம்பெருமாளை எழுந்தருளப்பண்ணிக்கொண்டு தெற்கே புறப்பட்டார். மதுரைக்கருகே ஜ்யோதிஷ்குடியில் உயிர் நீத்தார் என்கிறது குருபரம்பரை. முயற்சியை மோட்சத்துக்கு வழியாகக் கொள்ளாதவர், செய்ய வேண்டியதைச் செய்யாமல் இருந்துவிடவில்லை.

மணவாள மாமுனிகள் (1370–1443) லோகாசாரியரின் நூல்களுக்கு எழுதிய வியாக்கியானம் இல்லையென்றால் பாதி நமக்கு விளங்கியிருக்காது. 20ஆம் நூற்றாண்டில் ரமணர், சரணடைய வந்த ‘நான்’ யார் என்று திருப்பிக் கேட்டபோது திருவரங்கத்துக் கேள்வி வேறு தத்துவ மொழியில் மீண்டும் எழுந்தது. ரமணருக்கு இன்று உலகெங்கும் வாசகர்கள். லோகாசாரியருக்கு, சம்பிரதாயப் பாடம் கேட்கும் காலட்சேப கோஷ்டி மட்டும்.

காரணம் அவருடைய மணிப்பிரவாள நடை. வடமொழிக் கலப்பென்று தனித்தமிழ் அன்பர்கள் ஒதுக்கினார்கள். சம்பிரதாயத்தாரோ வெளியாள் தொடக்கூடாத பெட்டகமாக வைத்துக்கொண்டார்கள். களவியல் உரையில் தொடங்கும் நம் உரைநடை வரலாறுகள் வீரமாமுனிவருக்குத் தாவும் தாவலில் காணாமல்போவது லோகாசாரியரின் சொற்சிக்கனமும் வாதக்கூர்மையும்தான். ஸ்ரீவசனபூஷணத்தைப் பதம்பிரித்து, அருஞ்சொற்பொருள் சேர்த்து, அட்டையில் எந்தக் கலையின் நாமமும் இல்லாமல் ஒரு பதிப்பகம் கொண்டுவரட்டும். தமிழ்த்துறைகள் அதை உரைநடைப் பாடத்தில் ஆறுமுக நாவலருக்கு முன்னால் வைக்கட்டும்.