ஏட்டில் விடுபட்ட பெயர்

மத்தேயு நற்செய்தி ஒரு பெயர்ப் பட்டியலோடு தொடங்குகிறது. திருப்பலியில் அது வாசிக்கப்படும்போது, எப்போது முடியும் என்று எண்ணாதவர் நம்மில் சிலரே. ஆனால் தன் தாய் யாரென அறியாமலே வளர்ந்த ஒருவருக்கு அப்பட்டியலின் அருமை தெரியும். முன்னோரின் பெயர்களைத் தடையின்றி அடுக்கிச் சொல்ல முடிவதும் ஒரு செல்வமே. அச்செல்வத்தை இழந்தவர் அயர்லாந்து நாட்டில் பல்லாயிரவர். அருள்சகோதரிகள் நடத்திய தாய்சேய் இல்லங்களிலும், அநாதை இல்லங்களிலும், தொழிற்பள்ளிகளிலும் வளர்ந்தோரும், அவர்தம் மக்களும் பேரர்களும் இன்று ஏடு ஏடாகப் புரட்டித் தங்கள் வேரைத் தேடுகிறார்கள்.

இத்தேடலிலிருந்து பிறந்த இலக்கியம் சிறிதன்று. அதனுள் இரு நூல்களை மட்டும் இங்கே நோக்குவோம். ஒன்று, மார்ட்டின் சிக்ஸ்மித் 2009-இல் வெளியிட்ட பிலோமினா லீயின் வரலாறு. 2013-இல் ஸ்டீபன் ஃப்ரியர்ஸ் இயக்கத்தில் 'பிலோமினா' என்ற திரைப்படமாகவும் வந்தது. மற்றொன்று, கிளேர் கீகன் 2021-இல் எழுதிய 'இவை போன்ற சிறு விஷயங்கள்' என்னும் குறுநாவல். இரண்டும் ஒரே துயரத்தைப் பேசுகின்றன. ஆயினும் ஏட்டில் விடுபட்டுப்போன இடத்தை அவை நடத்தும் விதம் வேறு. அந்த வேறுபாடு இலக்கிய நயம் பற்றியது மட்டுமன்று. திருச்சபையின் மக்களாகிய நாம் உண்மைக்கு என்ன கடன்பட்டிருக்கிறோம் என்பதையும் அது தொடுகிறது.

முதலில் பின்புலம். 1922 முதல் 1998 வரையிலான காலத்தை ஆராய்ந்த அரசு ஆணையம், 14 தாய்சேய் இல்லங்களையும் 4 மாவட்ட இல்லங்களையும் பற்றிய தன் அறிக்கையை 2021 சனவரியில் வெளியிட்டது. ஏறத்தாழ 56,000 தாய்மாரும் 57,000 குழந்தைகளும் அவற்றில் வாழ்ந்தனர். அக்குழந்தைகளுள் ஏறத்தாழ 9,000 பேர் அங்கேயே இறந்தனர். பெற்ற குடும்பங்களே மகளை வாயிலில் விட்டுச் சென்றன; அரசு பணம் கொடுத்து ஒதுங்கிக்கொண்டது; துறவற சபைகள் கதவை அடைத்தன. அறிக்கை வெளியான மறுநாள் பிரதமர் மிஹால் மார்ட்டின் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அவ்வறிக்கை தங்கள் சாட்சியங்களுக்கு உரிய மதிப்பைத் தரவில்லை என்று தாய்மார் பலர் மனம் வருந்தியதையும் இங்கே மறைப்பதற்கில்லை.

இனி சிக்ஸ்மித்தின் நூல். பிலோமினா லீயும் மடத்தில் வளர்ந்தவரே. ஆறு வயதில் தாயை இழந்து, மடத்துப் பள்ளியில் வளர்ந்து, 18-ஆம் வயதில் உலகம் அறியாதவராய் வெளியே வந்தார். 1952-இல் டிப்பரரி மாவட்டம் ராஸ்கிரே ஊரின் ஷான் ராஸ் இல்லத்தில் ஆண் குழந்தையைப் பெற்றார். அந்தோனி எனப் பெயரிட்டார். சலவைக்கூடத்தில் உழைத்துக்கொண்டே மூன்று ஆண்டுகள் மகனைக் கண்ணாரக் கண்டார். மகன்மேல் தனக்கு இனி உரிமை இல்லை என்னும் பத்திரத்தில் கையெழுத்திட்டார். 1955 டிசம்பரில் குழந்தை அமெரிக்கா சென்றது. மைக்கேல் ஹெஸ் என்னும் புதுப்பெயருடன் வளர்ந்த அம்மகன், குடியரசுக் கட்சியின் தேசியக் குழுவுக்குத் தலைமை வழக்கறிஞராக உயர்ந்தார். தாயைத் தேடி ராஸ்கிரே வந்தும் விடை பெறவில்லை. தாயும் மகனைத் தேடிக் கேட்டார். அவருக்கும் விடை இல்லை. 1995-இல் மகன் இறந்து, தாம் பிறந்த அந்த மடத்து நிலத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். ஒரே வாயிலில் இருவரும் வந்து கேட்டிருக்கிறார்கள். ஓர் ஏட்டைத் திறந்திருந்தால் இருவரும் சந்தித்திருப்பார்கள். இந்நூலின் துயரம் முழுவதும் இதில் அடங்கும்.

ஆனால் நூலாசிரியர் இதோடு நிற்க மனமில்லாதவராய்த் தோன்றுகிறார். தாயின் தேடலைச் சொல்ல வந்த நூல், பெரும் பகுதியை மகனின் அமெரிக்க வாழ்வுக்கே தருகிறது. தனியறை உரையாடல்களும் உள்ளத்து எண்ணங்களும் நாவல் போலவே எழுதப்பட்டுள்ளன. எது ஆவணம் சொன்னது, எது ஆசிரியர் ஊகித்தது என்று வாசகர் பிரித்தறிய வழியில்லை. வேரைத் தேடும் எவருக்கும் கையில் கிடைப்பவை சில துண்டுகளே. இடைவெளியைக் கற்பனையால் இட்டு நிரப்பும் சோதனை பெரிது. ஏடு மறைத்ததைக் கதை மூடிவிடுமானால், தேடுவோருக்கு அதனால் என்ன பயன்?

திரைப்படம் இன்னும் ஓர் அடி செல்கிறது. முதுமையில் சக்கர நாற்காலியில் அமர்ந்திருக்கும் அருள்சகோதரி ஹில்டகார்டு கடுமொழி பேசுகிறார். பிலோமினா அவரை மன்னிக்கிறார். செய்தியாளரோ மன்னிக்க மறுக்கிறார். நெஞ்சை உருக்கும் காட்சி. ஆனால் அது நிகழவே இல்லை. அந்தச் சகோதரி 1995-இலேயே இறந்துவிட்டார். அவர் பல தாய்மாரையும் பிள்ளைகளையும் சேர்த்துவைத்தவர் என்று அவருடைய சபை மறுத்துரைத்தது. அம்மறுப்பை எப்படி எடைபோட்டாலும், கலையின் நோக்கில் இக்காட்சி ஒரு குறையே. ஒரு நாடும் ஒரு திருச்சபையும் சேர்ந்து செய்ததை ஒரு கிழவியின் முகத்தில் ஏற்றிவிட்டால், பார்ப்போர் மனநிறைவுடன் வீடு திரும்பலாம். மேலும், மன்னிப்பு அங்கே கதையின் முடிவாகிவிடுகிறது. பிலோமினாவின் விசுவாசம் உண்மையானது. 2014-இல் அவர் திருத்தந்தை பிரான்சிசைச் சந்தித்தபோதும், ஏடுகளைத் திறக்கும் சட்டத்துக்காகக் குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார். மன்னித்த பின்னும் ஏட்டைக் கேட்பதை அவர் விடவில்லை. திரைப்படத்தைவிட அவருடைய வாழ்வு நமக்குச் சிறந்த மறைக்கல்வி.

கீகனின் குறுநாவல் இதற்கு எதிர்ப்புறம் நிற்கிறது. 1985, கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முந்தைய நாட்கள். நியூ ராஸ் என்னும் சிற்றூர். நிலக்கரி வியாபாரி பில் ஃபர்லாங் மணமாகாத தாய்க்குப் பிறந்தவர். தாய் வேலை செய்த வீட்டின் எஜமானி, புராட்டஸ்டண்டு விதவை, தாயையும் சேயையும் வெளியே தள்ளாமல் வைத்துக்கொண்டதால் அவர் மடத்துக்குப் போகாமல் தப்பினார். பிறப்புச் சான்றிதழ் வாங்கச் சென்றபோது, தந்தையின் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் தெரியாது என்றே எழுதியிருந்தது. அந்த ஒற்றைச் சொல் நூல் முழுவதும் அவருடனேயே நடக்கிறது.

கீகன் அவ்விடத்தைக் கற்பனையால் நிரப்புவதில்லை. பழைய வீட்டுக்கு ஒருநாள் சென்றபோது, முன்பின் அறியாத ஒரு பெண் கதவைத் திறந்து, அங்கே வேலை செய்யும் நெட் என்பவருக்கு நீங்கள் உறவா, முகச்சாயல் தெரிகிறதே என்கிறாள். அவ்வளவே. ஏடு சொல்லாததை முகம் சொல்கிறது; அதுவும் உறுதியாக அன்று. பின்னர் மடத்தின் நிலக்கரிக் கொட்டிலில் அடைபட்டிருந்த பெண்ணை ஃபர்லாங் காண்கிறார். மடத்தில் அவளுக்கு வேறு பெயர். அவளுடைய சொந்தப் பெயர் சாரா என்று அறிகிறார். அவருடைய தாயின் பெயரும் அதுவே. தம் மகள்களின் படிப்பு அந்த மடத்துப் பள்ளியை நம்பியிருந்தும், அவளைத் தம் வீட்டுக்கு அழைத்துச் செல்கிறார். தேடிக் கண்டடைய முடியாத தாய்க்குச் செய்யவேண்டியதை எதிரே நிற்கும் தாய்க்குச் செய்கிறார் அவர். இந்நூலில் கடுஞ்சொல் இல்லை, வில்லன் இல்லை; வாசகருக்குத் தப்ப வழியும் இல்லை. ஊர் முழுவதும் தெரிந்தும் பேசாதிருந்தது என்பதே அதன் குற்றச்சாட்டு. பேசாதிருந்தவர்கள் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குச் சென்ற பொதுநிலையினர். ஆகவே இரு நூல்களுள் கீகனுடையதே உயர்ந்தது என்பது என் கணிப்பு.

பெயரை மாற்றும் அவ்வழக்கம் கதையில் மட்டும் உள்ளதன்று. இல்லங்களில் பெண்களுக்கு வேறு பெயர்கள் சூட்டப்பட்டன. எனவே தோழியரின் நினைவைக் கொண்டு தேட முடிவதில்லை. 1952-ஆம் ஆண்டுத் தத்தெடுப்புச் சட்டம், பிறப்புப் பதிவையும் தத்துப் பதிவையும் இணைக்கும் அட்டவணையைப் பொதுமக்களுக்கு மூடிவைத்தது. கடல் கடந்து அனுப்பப்பட்ட குழந்தைகளைப் பற்றிய கடவுச்சீட்டுக் கோப்புகள் 1996-இல்தான் தேசிய ஆவணக் காப்பகத்திலிருந்து வெளிச்சத்துக்கு வந்தன. டூவம் ஊரின் வரலாற்று ஆர்வலர் காத்ரின் கோர்லஸ், 1925 முதல் 1961 வரை அருள்சகோதரிகள் நடத்திய இல்லத்தில் இறந்த 796 குழந்தைகளின் இறப்புப் பதிவுகளை ஒவ்வொன்றாகத் திரட்டினார். அவ்விடத்தில் அகழாய்வு 2025-இல்தான் தொடங்கியது. தனிப் பெண்மணி ஒருவரின் பொறுமை, ஒரு நாட்டின் மௌனத்தை உடைத்தது.

2022-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட பிறப்புத் தகவல் சட்டம் நிலையை மாற்றியது. தத்தெடுக்கப்பட்டவரும் இவ்வில்லங்களில் வாழ்ந்தவரும் தம் பிறப்புச் சான்றிதழையும் தொடக்க வாழ்வின் விவரங்களையும் அதே ஆண்டு அக்டோபர் முதல் கேட்டுப் பெறலானார்கள். இதற்கு நேர்மையான மறுப்பும் உண்டு: இரகசியம் காக்கப்படும் என்ற வாக்குறுதியை நம்பி வாழ்ந்த தாயின் அமைதி என்னாவது? சட்டம் இங்கே ஓர் எல்லை வகுத்தது. தாய் தொடர்பு வேண்டாம் என்று பதிவு செய்யலாம்; அதை மதிக்க வேண்டும் என்று பிள்ளைக்கு எடுத்துரைக்கப்படும்; ஆனால் பிள்ளையின் பிறப்பு பிள்ளைக்கு மறைக்கப்படாது. சந்திப்பு இருவரின் விருப்பத்தால் நிகழ வேண்டியது. உண்மையோ பிறந்தவருக்கு உரியது.

இச்செய்தி அயர்லாந்தோடு நின்றுவிடுவதன்று. 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு, மணமாகாத தாயின் குழந்தைக்குத் திருமுழுக்கு அளிக்கும்போது, தாய்மை பொதுவில் அறியப்பட்டிருந்தால் அல்லது தாயே எழுத்து மூலமோ இரு சாட்சிகள் முன்னிலையிலோ விரும்பிக் கேட்டால், அவள் பெயரைப் பதிய வேண்டும் என்கிறது. அவள் தன் பெயரை எழுதச் சொல்லும் துணிவைப் பெறுவது பெரும்பாலும் நம் கையில் இருக்கிறது. கோவில் வாசலில் அவளை நோக்கும் நம் கண்கள் அந்த ஏட்டின் ஒரு வரியை எழுதவும் கூடும். எழுதவிடாமல் தடுக்கவும் கூடும்.

மத்தேயு தம் பட்டியலில் தாமாரையும் இராகாபையும் உரியாவின் மனைவியையும் விட்டுவிடவில்லை. எளிதில் விட்டிருக்கலாம், தந்தையர் பெயர்களே போதுமானவை. அவர் எழுதினார். மீட்பரின் வம்சத்துக்கு அதனால் இழுக்கு வந்ததாக எவரும் சொன்னதில்லை.