டால்ஸ்டாயின் இறுதி நவீனம்: ஹாஜி முராத்

டி. எஸ். சொக்கலிங்கத்தின் தமிழாக்கத்தில் ‘போரும் வாழ்வும்’ படித்து இன்புற்றோர், அதே டால்ஸ்டாயின் ‘ஹாஜி முராத்’தைக் கையிலெடுத்தால் திகைப்படைவர். அங்கே பேரழிவுக்குப் பின்னும் குடும்பங்கள் தழைக்கின்றன. மழலைக் குரல் கேட்கிறது. இங்கே அத்தகைய ஆறுதல் ஏதுமில்லை. 1896-இல் தொடங்கி 1904 வரை திருத்தித் திருத்தி எழுதிய இந்நூலை அவர் தம் வாழ்நாளில் வெளியிடவில்லை. 1910-இல் அவர் மறைந்தபின், 1912-இல்தான் அது அச்சேறிற்று. அப்போதும் ருஷ்யப் பதிப்பில் ஜார் மன்னனைப் பற்றிய பகுதியில் தணிக்கையாளர் கை வைத்தனர்.

கதை வரலாற்றில் நிகழ்ந்ததே. காகசஸ் மலைநாட்டில் இமாம் ஷாமிலின் நாயிபாக விளங்கிய ஹாஜி முராத், அவரோடு பகைத்து 1851-இல் ருஷ்யரிடம் சரணடைந்தான். தாயும் மனைவியரும் மக்களும் ஷாமிலின் பிடியில் இருந்தனர். அவர்களை மீட்க ருஷ்யர் ஒன்றும் செய்யாமை கண்டு, 1852-இல் தப்பியோடி, சுற்றிவளைக்கப்பட்டு மாண்டான். அவன் சரணடைந்த காலத்தில் டிப்லிஸ் நகரிலிருந்த இளைஞர் டால்ஸ்டாய், அதனை இழிசெயலென்றே தம் தமையனுக்கு எழுதினார். முதுமையிலோ அம்மனிதனை விட்டு அவர் உள்ளம் அகலவில்லை.

மாற்றாரொருவர் முஸ்லிம் வீரனைப் புகழ்ந்தெழுதினார் என்று மகிழ்வோர் நம்மிடையே உளர். அம்மகிழ்ச்சி நூலை முழுதும் படியாதார் மகிழ்ச்சி. இது புகழ்ச்சி நூலன்று, சாட்சி நூல். சாட்சி சொல்பவன் இவன் நம்மவன், அவன் அயலான் என்று பாரான்.

பதினாறாம், பதினேழாம் அத்தியாயங்களை அடுத்தடுத்துப் படிக்க வேண்டும். முன்னதில் பட்லர் என்னும் இளம் அதிகாரி செச்சினியச் சிற்றூர் ஒன்றைத் தாக்கச் செல்கிறான். காலைக் குளிரும், பாடலும், வீரச் சிலிர்ப்புமாக அவனுக்குப் போர் ஒரு திருவிழா. பின்னதில் அதே ஊருக்கு மக்கள் திரும்புகின்றனர். தொடக்கத்தில் ஹாஜி முராதுக்கு அடைக்கலமளித்த ஸாதோவின் மகன், முதுகில் ஈட்டி பாய்ந்து பிணமாகக் கிடக்கிறான். பழமரங்கள் வெட்டுண்டன, தேனடைகள் எரிந்தன, நீரூற்றும் பள்ளிவாசலும் அசுத்தப்படுத்தப்பட்டன. பெரியவர்கள் தொழுதுவிட்டு ஊரைச் சீரமைக்கத் தொடங்குகின்றனர். மிகச் சிறிய அத்தியாயம். ஆசிரியர் ஒரு வார்த்தையும் உரக்கச் சொல்லவில்லை. இத்தாக்குதலுக்கு ஆணையிட்ட ஜார் நிக்கோலஸோ, முந்தின இரவின் இழிந்த களியாட்டக் களைப்பில் கையெழுத்திட்டவன். அவனைக் காட்டும் பதினைந்தாம் அத்தியாயத்தில் பேரரசரின் ஆடம்பரமெல்லாம் உரிந்து விழுகிறது.

ருஷ்யச் சிப்பாய் அவ்தயேவின் சாவும் அவ்வாறே. பிள்ளைகுட்டிக்காரனான அண்ணனுக்குப் பதிலாகப் படையில் சேர்ந்தவன், அற்பச் சண்டையொன்றில் குண்டடிபட்டு இறக்கிறான். மேலிடத்துக்குப் போன அறிக்கையிலோ எதிரிகளில் நூறுபேர் வீழ்ந்ததாகப் பொய்க்கணக்கு!

நம் வாசகருள் சிலருக்கு இந்நூல் வருத்தம் தருமிடம் ஷாமிலின் சித்திரமே. 1871-இல் திருமதீனாவில் மறைந்து ஜன்னத்துல் பகீயில் அடக்கமான அப்பெரியாரை, எதிரியின் மகனைக் குருடாக்குவேனென மிரட்டும் ஆட்சியாளராகவே டால்ஸ்டாய் காட்டுகிறார். நக்‌ஷபந்தித் தரீக்காவின் ஆழம் அவருக்கு எட்டவில்லை என்பது நம் கருத்து. ‘முரீது’ என்ற சொல் அவர் நூலில் வாளேந்திய மெய்க்காவலனாகச் சுருங்கிவிட்டது. நாட்டம் எனும் பொருள்படும் ‘இராதத்’ என்ற வேரிலிருந்தே முரீது, முராத் இரண்டும் பிறந்தன: நாடுபவன் முரீது, நாடப்படுபவன் முராத். இரு அதிகாரங்களாலும் நாடப்பட்டு, இரண்டாலும் கைவிடப்பட்டவனுக்கு இப்பெயர் அமைந்தது வியப்பே.

எனினும் ஷாமிலை இவ்வாறு வரைந்ததற்காக நூலை விலக்குதல் தகாது. ஜாரையும் அதே கோலால், இன்னும் கடுமையாகவே, அளந்திருக்கிறார். கிறிஸ்தவராகப் பிறந்து, 1901-இல் தம் திருச்சபையாலேயே விலக்கப்பட்ட அவர், ஹாஜி முராத் ஒளுச் செய்து தொழும் காட்சிகளை எள்ளளவும் ஏளனமின்றி எழுதியிருக்கிறார்.

இறுதிச் சண்டையில், உடலெல்லாம் துளைபட்டும், சட்டைப் பஞ்சால் காயத்தை அடைத்துக்கொண்டு ஹாஜி முராத் போரிடுகிறான். துப்பாக்கிகள் வெடிக்க, பாடிக்கொண்டிருந்த இராப்பாடிப் பறவைகள் வாயடைத்தன. எல்லாம் முடிந்தபின் மீண்டும் பாடத் தொடங்கின. வீழ்ந்தவனின் தலையைக் கொய்தவன் ருஷ்யனல்லன். முன்னர் மலைநாட்டில் அவனோடு நட்புப்பூண்டு வாழ்ந்து, பின்னர் ருஷ்யர் பக்கம் சேர்ந்துவிட்ட ஹாஜி ஆகா.