ஒரு படிவத்தின் கீழ்ப்பாதி: ஓவேலியிலிருந்து பார்த்தால் எஸ்.ஐ.ஆர்.

சினிமாவுக்கு விமர்சனம் எழுதுறோம், புத்தகத்துக்கு எழுதுறோம், ஓட்டல் தோசைக்குக்கூட எழுதுறோம். அரசாங்கப் படிவத்துக்கு யாரும் எழுதுவதில்லை. இந்தப் பதிவு ஒரு படிவத்தைப் பற்றியது. வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தத்துக்காக, அதாவது எஸ்.ஐ.ஆருக்காக, 2025 நவம்பர் 4லிருந்து தமிழ்நாட்டில் வீடு வீடாகக் கொடுத்தார்களே, அந்தக் கணக்கீட்டுப் படிவம்.

மேல்பாதியில் எனக்குப் பெரிய குறை இல்லை. பெயர், போட்டோ, அடையாள அட்டை எண், பாகம், வரிசை எண் எல்லாம் அச்சடித்தே வருகிறது. பிறந்த தேதி, செல்போன் எண், அப்பா அம்மா பெயர், கணவன் அல்லது மனைவி பெயர் எழுதினால் போதும். ஆதார் விருப்பம்தான். படிவத்தோடு எந்த ஆவணமும் இணைக்க வேண்டியதில்லை. பீகாரில் ஜூன் மாதம் ஆரம்பித்த முதல் சுற்றைவிட இது எவ்வளவோ தேவலை.

சிக்கல் கீழ்ப்பாதியில். அங்கே இரண்டு கட்டங்கள். முந்தைய தீவிரத் திருத்தப் பட்டியலில் உங்கள் பெயர் இருந்தால் அந்த விவரம் இடது பக்கம். இல்லையென்றால் அதில் இருந்த உறவினர் விவரம் வலது பக்கம். மாவட்டம், தொகுதி, பாகம் எண், வரிசை எண் எல்லாம் வேண்டும். தமிழ்நாட்டில் அந்தத் திருத்தம் நடந்தது 2002லும், சில தொகுதிகளில் 2005லும். நடுவில் 2008 தொகுதி மறுவரையறை வந்து எல்லைகளையும் பாகம் எண்களையும் மாற்றிவிட்டது. இருபது வருசத்துக்கு முன்னால் எந்தப் பாகத்தில் எத்தனையாவது ஆளாக இருந்தீர்கள் என்று கேட்டால் எனக்கே தெரியாது, உங்களுக்குத் தெரியுமா?

கட்டத்தைக் காலியாக விட்டாலும் வரைவுப் பட்டியலில் பெயர் வரும். ஆனால் பிறகு நோட்டீஸ் வரும், ஆவணம் காட்டச் சொல்வார்கள். மென்பொருள்காரன் மொழியில் சொன்னால் இது இரண்டு டேபிள்களைச் சேர்க்கும் ஜாயின். சேராத வரிசைகள் சந்தேகத்துக்கு உரியவை. அந்தச் சந்தேகம் யார் தலையில் விழுகிறது என்று பார்க்க ஓவேலி நல்ல இடம்.

ஓவேலி கூடலூர் தாலுகாவில் இருக்கிறது. ஆக்டர்லோனி பள்ளத்தாக்கு என்ற வாயில் நுழையாத பெயர் சுருங்கித்தான் ஓவேலி ஆனது. 1847இல் நீலகிரியை சர்வே செய்த ஜேம்ஸ் ஆக்டர்லோனியின் குடும்பம் காப்பி போட்ட பள்ளத்தாக்கு. எல்லமலை, பெரியசோலை, ஆரோட்டுப்பாறை, சூண்டி, பார்வுட் என்று இன்று தேயிலையும் காடுமாகக் கிடக்கிறது. நிலம் பழைய நிலம்பூர் கோவிலகத்தின் ஜென்ம நிலம். 1969இல் ஜென்ம ஒழிப்புச் சட்டம் வந்தும் அதன் 17ஆம் பிரிவில் சிக்கிய நிலங்கள் இன்னும் முடிவாகவில்லை. 'செக்‌ஷன் 17' என்பது அங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த வார்த்தை. தலைமுறை தலைமுறையாகக் குடியிருந்தும் பட்டா கிடையாது, பல வீடுகளுக்கு கரண்ட் கிடையாது.

இப்போது நோட்டீஸ் வந்தால் காட்ட வேண்டிய ஆவணங்களைப் பாருங்கள். பாஸ்போர்ட், பிறப்புச் சான்று, பத்தாம் வகுப்புச் சான்று, சாதிச் சான்று, அரசு ஒதுக்கிய நிலம் அல்லது வீட்டுக்கான சான்று, வன உரிமைச் சான்று இப்படிப் போகிறது. மொத்தம் 11. ஆதார் 12ஆவதாகச் சேர்ந்தது 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகு, அதுவும் அடையாளத்துக்கு மட்டும். ரேஷன் கார்டு பட்டியலில் இல்லை. வேடிக்கை என்னவென்றால், தேர்தல் ஆணையமே கொடுத்த வாக்காளர் அட்டையும் இல்லை.

கூடலூர், பந்தலூர் பக்கத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து அனுப்பப்பட்டவர்கள் நிறையப் பேர் இங்கேதான் வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்க ஆரம்பித்ததுதான் டான்டீ. இவர்களுடைய அப்பா, தாத்தா 1947 இலங்கைத் தேர்தலில் ஓட்டுப் போட்டவர்கள். இலங்கை இந்தியக் காங்கிரஸ் அதில் 7 இடம் ஜெயித்தது. 1948 குடியுரிமைச் சட்டம் உன் அப்பன் இந்த மண்ணில் பிறந்தான் என்று காட்டு என்றது. லயத்தில் பிறந்தவனுக்கு யார் பிறப்புப் பதிவு எழுதி வைத்தார்கள்? 1949இல் வாக்குரிமையும் போனது. 1952 தேர்தலில் அந்தக் கட்சிக்கு ஒரு இடமும் இல்லை.

இரண்டும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. இலங்கையில் நோக்கமே நீக்குவதுதான். இங்கே சொல்லப்படும் நோக்கம் பட்டியலைச் சுத்தம் செய்வது, அது நியாயமான வேலையும்கூட. ஆனால் படிவத்துக்கு நோக்கம் தெரியாது. 'உன் அப்பா எங்கே இருந்தார், தாளைக் காட்டு' என்ற கேள்வி ஒரே குடும்பத்தை மூன்றாவது தலைமுறையில் மறுபடி தேடி வந்திருக்கிறது. தாயகம் திரும்பியோருக்குக் கொடுத்த குடும்ப அட்டை இருந்தால், '1987 ஜூலை 1க்கு முன் அரசு வழங்கிய ஆவணம்' என்ற வகையில் அது செல்ல வேண்டும். ஐம்பது மழைக்காலத்தை, ஒழுகும் லைன் வீட்டில் அந்த அட்டை தாண்டியிருந்தால்.

எண்ணிக்கைக்கு வருவோம். டிசம்பர் 19இல் வந்த வரைவுப் பட்டியலில் 6.41 கோடி 5.43 கோடியானது. சுமார் 97.37 லட்சம் பெயர்கள் போய்விட்டன. உடனே ஒரு தரப்பு 'ஒரு கோடி கள்ள ஓட்டு ஒழிந்தது' என்றது, இன்னொரு தரப்பு 'ஒரு கோடிப் பேர் உரிமை பறிபோனது' என்றது. இரண்டு பேரும் உள்விவரத்தைப் படிக்கவில்லை. இறந்தவர்கள் சுமார் 26.94 லட்சம், இடம் மாறியவர்கள் அல்லது வீட்டில் இல்லாதவர்கள் சுமார் 66.44 லட்சம், இரட்டைப் பதிவு சுமார் 3.39 லட்சம். கள்ள ஓட்டுக்கு நேரடியாகப் பொருந்தும் இரட்டைப் பதிவு மொத்த நீக்கத்தில் 3.5 சதவீதம்கூட இல்லை. இறந்தவர் பெயரை எடுத்ததை யாரும் குறை சொல்ல முடியாது, எப்பவோ எடுத்திருக்கணும். நான் கவலைப்படுவது அந்த 66 லட்சத்தைப் பற்றி. 'வீட்டில் இல்லை' என்பது ஒருவர் வந்து கதவைத் தட்டிய நேரத்தின் உண்மை, அவ்வளவுதான். பகல் முழுக்கக் கொழுந்து பறிக்கும் ஊர், இருட்டினால் யானை பயத்தில் யாரும் வெளியே வராத ஊர், பிள்ளைகள் திருப்பூருக்கும் கோவைக்கும் வேலைக்குப் போன ஊர். அங்கே பி.எல்.ஓ. எப்போது வந்து யாரைப் பார்ப்பார்? தற்காலிகமாக வெளியே போவதால் மட்டும் ஒருவர் அந்த ஊர்க்காரர் இல்லாமல் போய்விட மாட்டார் என்று 1950 மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20ஆம் பிரிவே சொல்கிறது.

என் விமர்சனத்தின் மையம் இதுதான். தவறாக விட்டுவைத்த பெயரும் தவறாக நீக்கிய பெயரும் சம எடையுள்ள பிழைகள் அல்ல. செத்தவர் பெயர் பட்டியலில் இருந்தால் அது இன்னும் கள்ள ஓட்டு ஆகவில்லை. அதற்கப்புறம் பல வாசல்கள் இருக்கின்றன. போட்டோ போட்ட பட்டியல், அடையாள அட்டை, விரல் மை, பூத்தில் உட்கார்ந்திருக்கும் எல்லாக் கட்சி ஏஜென்ட்டுகள். சந்தேகம் வந்தால் ஏஜென்ட் 2 ரூபாய் கட்டி ஆட்சேபிக்கலாம். உங்கள் ஓட்டை வேறொருவர் போட்டிருந்தால் 49பி இருக்கிறது. 'சர்கார்' படத்துக்கு நன்றி, அது ஊருக்கே தெரியும். ஆனால் பட்டியலிலேயே பெயர் இல்லாதவருக்கு ஓட்டு நாளில் எந்த வாசலும் கிடையாது. 1951 சட்டத்தின் 62ஆம் பிரிவு கதவைச் சாத்திவிடுகிறது. அமெரிக்காவில் 2002க்குப் பிறகு தற்காலிக வாக்கு என்று ஒன்று உண்டு. பெயர் இல்லையென்றாலும் போட்டுவிட்டுப் போகலாம், சரிபார்த்து எண்ணுவார்கள். நம்மிடம் அது இல்லை.

நடுவழி இல்லையா? இருக்கிறது, அதுவும் ஆணையத்தின் கையிலேயே. வராதவர், இடம் மாறியவர், இறந்தவர் என்று பூத்துக்கு ஒரு ஏ.எஸ்.டி. பட்டியல் தயாரிப்பார்கள். அதில் இருப்பவர் ஓட்டுப் போட வந்தால் கூடுதலாகச் சோதித்து, கைரேகையும் வாங்கித்தான் அனுமதிப்பார்கள். இதை நாங்கள் சாஃப்ட் டிலீட் என்போம். ரெக்கார்டு இருக்கும், மேலே ஒரு கொடி நிற்கும். இறந்தது உறுதியானால் நீக்கு, இரட்டைப் பதிவு உறுதியானால் ஒன்றை நீக்கு, 'வீட்டில் இல்லை' என்றால் கொடி மட்டும் போடு. புரொடக்‌ஷன் டேட்டாபேஸில் ஒரே மாதத்தில் 15 சதவீத வரிசைகளை டிலீட் பண்ணப் போறேன்னு என் டீமில் ஒருத்தர் வந்து நின்றால் அந்த மீட்டிங் எப்படி முடியும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஏற்கெனவே பட்டியலில் இருப்பவரைச் சரியாகச் சேர்க்கப்பட்டவராகவே கருத வேண்டும், நோட்டீஸும் வாய்ப்பும் தராமல் நீக்கக் கூடாது என்று 1995இல் லால் பாபு ஹுசைன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. இந்தப் படிவம் அந்தச் சுமையைத் தலைகீழாக்குகிறது. கையெழுத்துப் போட்டுத் திருப்பித் தராவிட்டால் வரைவில் பெயரே வராது.

கன்சாஸ் மாநிலம் இதே பரிசோதனையை 2013இல் செய்தது. குடியுரிமைத் தாள் காட்டினால்தான் பதிவு. சுமார் 31 ஆயிரம் பேரின் விண்ணப்பம் நின்றுபோனது. 2018இல் நீதிமன்றத்தில் கணக்குப் பார்த்தபோது ஏறத்தாழ இருபது வருசத்தில் உண்மையில் பதிவாகியிருந்த குடிமகன் அல்லாதவர்கள் 39 பேர்தான்.

நம்மூர் தேர்தல் மோசடி எங்கே இருக்கிறது என்றும் ஒரு நிமிடம் யோசிக்கலாம். 2016இல் அரவக்குறிச்சியும் தஞ்சாவூரும், 2017இல் ஆர்.கே. நகர், 2019இல் வேலூர். இந்தத் தேர்தல்கள் நின்றது பணப் பட்டுவாடாவால். காசு வாங்கியவர்கள் எல்லோரும் ஒழுங்காகப் பட்டியலில் இருக்கும் நிஜ வாக்காளர்கள்.

உரிமைகோரல் காலம் முதலில் 2026 ஜனவரி 18 வரை என்று அறிவிக்கப்பட்டது. பெயர் போனவர்கள் படிவம் 6 கொடுக்க வேண்டியிருந்தது. படிவம் 6 புது வாக்காளருக்கானது. முப்பது வருசமாக எல்லமலையில் ஓட்டுப் போட்ட ஒருவர், பதினெட்டு வயசுப் பேரனோடு வரிசையில் நின்று முதல்முறை வாக்காளராக விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. பழைய பதிவுக்கும் புதியதுக்கும் நடுவில் இணைப்பு எதுவும் அந்தப் படிவத்தில் கேட்கப்படவில்லை. இன்னும் இருபது வருசம் கழித்து அடுத்த தீவிரத் திருத்தம் வந்து, '2002லிருந்து தொடர்ச்சியாக இருந்தீர்களா' என்று பேரனிடம் கேட்டால், அவன் கீழ்ப்பாதியில் எழுத ஒரு எண் இருக்காது.