இருதயத்தைக் காக்குமா மைக்ரோ ஆர்.என்.ஏ.?

மாமல்லபுரத்தில் ஒருவருக்கு விடியற்காலையில் மாரடைப்பு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கற்பட்டு அரசு மருத்துவமனைக்குச் சுமார் 30 கிலோமீட்டர். வழி நெடுக, அடைபட்ட குழாய்க்கு அப்பாலுள்ள இருதயத் தசை பிராணவாயு இன்றி மடிந்துகொண்டே வருகிறது. அத்தசையை மைக்ரோ ஆர்.என்.ஏ. காக்கும் என்று கூறும் ஆராய்ச்சிகளை இந்த நோயாளியை மனத்தில் வைத்தே படிக்க வேண்டும்.

முதல் சோதனை 1986-இல் வெளிவந்தது. அமெரிக்காவில் மரி, ஜென்னிங்ஸ், ரீமர் என்ற மூவர் நாய்களின் இருதயக் குழாயை 5 நிமிடம் அடைத்து, 5 நிமிடம் திறந்து, இவ்வாறு நான்கு முறை செய்தனர். பிறகு 40 நிமிடம் அடைத்தனர். இப்படி 'முன்பக்குவம்' பெற்ற இருதயங்களில், பெறாதவற்றில் மடிந்ததில் கால் பங்குத் தசையே மடிந்தது. வியப்புத்தான்! ஆனால் அதே ஆய்வில் 3 மணி நேரம் அடைத்தபோது இரு பிரிவுக்கும் வேறுபாடே இல்லை. முன்பக்குவம் சாவைத் தள்ளிப்போடுகிறது, தடுப்பதில்லை. இந்த இரண்டாம் பாதியைப் பலர் சொல்லாமலே விட்டுவிடுகிறார்கள்.

இனி மைக்ரோ ஆர்.என்.ஏ. சுமார் 22 எழுத்துகளே நீளமுள்ள துணுக்கு இது. புரதம் செய்யும்படி மரபணு அனுப்பும் ஓலையைப் பற்றிக்கொண்டு, அந்த உத்தரவு நிறைவேறாமல் செய்வது இதன் வேலை. 1993-இல் ஒரு சிறு புழுவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட இதற்காக ஆம்புரோஸ், ருவ்குன் இருவருக்கும் 2024-இல் நோபெல் பரிசு கிடைத்தது.

முன்பக்குவம் பெற்ற சுண்டெலி இருதயத்தில் 1, 21, 24 என்ற எண்ணுள்ள மைக்ரோ ஆர்.என்.ஏ.க்கள் மிகுவதை 2009-இல் குக்ரேஜா குழுவினர் கண்டனர். அவ்விருதயத்திலிருந்து எடுத்தவற்றை வேறு எலிகளுக்குச் செலுத்தியபோது அவற்றுக்கும் பாதுகாப்பு கிடைத்தது. நல்ல சோதனை, வெறும் உடனிகழ்ச்சி என்று ஒதுக்க முடியாது. எனினும் 2007-இல் சீன ஆய்வாளர்கள், அதே 1-ஆம் எண் மிகுந்தால் இருதயத் துடிப்பு தாறுமாறாகிறது என்று எலிகளில் காட்டியிருந்தனர். ஒரே மூலக்கூறு ஒருவர் கையில் காவலன், இன்னொருவர் கையில் கலகக்காரன். 'காக்கும் மூலக்கூறு' என்ற பட்டத்தை அவசரப்பட்டுச் சூட்டலாகாது.

கையை இறுக்கிக் கட்டித் தளர்த்தினாலே இருதயம் பக்குவம் பெறும் என்பார்கள். அச்செய்தியை இரத்தத்தின் வழியே சுமந்து செல்வது 144-ஆம் எண் என்று 2014-இல் டொரான்டோவில் எலிகளைக்கொண்டு கூறினர். மனிதரிடம் நடந்தது என்ன? இருதய அறுவைக்கு முன் கைப்பட்டையை ஊதிப் பார்த்த இரு பெரும் சோதனைகள் 2015-இல் வெளிவந்தன: பிரிட்டனில் 1,612 பேர், ஜெர்மனியில் 1,403 பேர். பலன் இல்லை. 2019-இல் மாரடைப்பு நோயாளிகள் 5,401 பேரிடமும் இல்லை.

சோதனைக்கூட எலி இளமையானது; நீரிழிவோ இரத்தக் கொதிப்போ இல்லாதது. நம் நோயாளியோ பெரும்பாலும் நடுவயதைக் கடந்தவர், சர்க்கரை உள்ளவர். போதாக்குறைக்கு மாரடைப்பு நாள் குறித்துக்கொண்டு வருவதில்லை. வருமுன் பக்குவப்படுத்துவது எப்படி?

இதற்கு எதிராகத் தமிழ்நாட்டுச் சான்று ஒன்று உண்டு. சிறு மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு ஆம்புலன்ஸ் மூலம் இணைத்த திட்டத்தை 2,420 மாரடைப்பு நோயாளிகளிடம் ஆராய்ந்து 2017-இல் வெளியிட்டார்கள். ஓராண்டுக்குள் இறந்தோர் 17.6 சதவீதத்திலிருந்து 14.2 ஆகக் குறைந்தனர். புதிய மூலக்கூறு எதுவும் அதில் இல்லை. 2023-இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே கொடுக்கப்படுபவையும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாட்டின் என்ற பழைய மாத்திரைகளே.

மைக்ரோ ஆர்.என்.ஏ. ஆராய்ச்சியை நிறுத்தச் சொல்லவில்லை. அடுத்த கட்டுரையை எழுதுபவர் முதிர்ந்த, நீரிழிவுள்ள எலியில் சோதிக்கட்டும். 40 நிமிடக் கணக்கோடு 3 மணி நேரக் கணக்கையும் சேர்த்தே அச்சிடட்டும்.