மூடுபனிக்கு மேலே ஒரு நகரம்

துபாய் நகரின் பனிக்கால வைகறையை உயரத்திலிருந்து பிடித்த நிழற்படங்களை அடிக்கடி காண்கிறோம். வெண்பரப்பைத் துளைத்து நிற்கும் கோபுரங்கள். நடுவே 2010இல் திறக்கப்பட்ட 828 மீட்டர் உயரப் புர்ஜ் கலீஃபா. அழகில் ஐயமில்லை. இரவில் பாலைமணல் விரைந்து குளிர, வளைகுடாவின் ஈரக்காற்று நிலத்தையொட்டிப் பனிமூட்டமாய்த் திரள்கிறது; கதிரவன் ஏறியதும் கலைந்துவிடுகிறது. அச்சிறுபொழுதுக்காக இருளிலேயே மாடியேறிக் காத்திருக்கும் கலைஞரின் பொறுமை பெரிது. வெண்மை மிகுந்தால் கருவி ஏமாந்து படத்தைச் சாம்பலாக்கும். ஒளியைச் சற்றுக் கூட்டியே பதிக்கவேண்டும். இதுவும் எளிய கலையன்று.

ஆயினும் இப்படங்களில் தரை இல்லை என்பது நம்மை உறுத்துகிறது. அந்நேரம் பனிக்கு அடியில்தான் கட்டடத் தொழிலாளரைச் சுமந்த பேருந்துகள் ஊர்கின்றன. அங்கே பல்லாண்டு கம்பி கட்டிய நம் பங்கு அன்பர் ஒருவரிடம் ஒரு படத்தைக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தவர், "இந்த மட்டத்திலிருந்து நான் பார்த்ததேயில்லை, சாமி" என்றார்.

பனியைக் குறைசொல்ல மாட்டோம். எங்கே நின்று, எப்போது பிடிப்பது என்பது கலைஞரின் தெரிவு. விடியுமுன்னரே பிடித்த சில படங்களில் சாலை விளக்குகளின் ஒளி அடியிலிருந்து பொன்னிறமாய்க் கசிகிறது. நாம் எடுத்து வைத்துக்கொண்டவை அவையே.