வீரன் ஒருவன், ஆசிரியர் பலர்: கப்டன் அமெரிக்கா பாத்திரம் பற்றிய ஒரு நோக்கு

அமெரிக்க அதிமானுட வீரர்களின் சித்திரக்கதைகளை முற்போக்குத் திறனாய்வாளர் பெரும்பாலும் ஒரே தீர்ப்பினால் ஒதுக்கிவிடுவர்: அவை ஏகாதிபத்தியத்தின் பிரசாரச் சாதனங்கள் என்பதே அத்தீர்ப்பு. இதற்கு ஆதாரம் இல்லாமலில்லை. 1971இல் சிலி நாட்டில் ஏரியல் டோர்ப்மனும் ஆர்மண்ட் மத்தலாரும் டொனால்ட் டக் கதைகளை ஆராய்ந்து எழுதிய நூல், சிறுவருக்கான நகைச்சுவை எனத் தோன்றுவதனுள் ஆதிக்க நோக்கு எவ்வாறு உறைந்து கிடக்கின்றது என்பதைத் தெளிவாகக் காட்டியது. ஆயினும் ஒரே பாத்திரத்தைப் பல தலைமுறை ஆசிரியர்கள் அடுத்தடுத்துக் கையாண்டு, ஒருவர் கூறியதை மற்றொருவர் மறுத்தும் திருத்தியும் எழுதும்போது, அம்முரண்பாடுகளை விளக்க அத்தீர்ப்பு மட்டும் போதியதாகுமா? கப்டன் அமெரிக்கா என்னும் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு இவ்வினாவுக்கு விடை காண முயல்வோம். தேசக் கொடியையே உடையாக அணிந்த வீரன் அவனாதலின், எமது வினாவுக்கு அவனைவிடக் கடினமான சோதனை வேறில்லை.

பழைய பாத்திரங்களைப் புதிய நோக்கிற் படைப்பது எமக்குப் பழக்கமானதே. அகலிகையின் கதையைப் புதுமைப்பித்தன் 'சாப விமோசனம்' என எழுதியபோது எவரிடமும் அனுமதி பெறவேண்டியிருக்கவில்லை. காவியப் பாத்திரம் பொதுச்சொத்து. அமெரிக்கச் சித்திரக்கதைப் பாத்திரமோ ஒரு நிறுவனத்தின் உடைமை. ஆசிரியர் கூலிக்கு எழுதுபவர். சுப்பர்மேனைப் படைத்த ஜெரி சீகலும் ஜோ ஷூஸ்டரும் 1938இல் 130 டொலருக்கு அப்பாத்திரத்தின் உரிமையை விற்றனர். பின்வந்த மறுவிளக்கங்கள் யாவும் இவ்வுடைமை உறவினுள் நிகழ்ந்தவை என்பதை நாம் மறத்தலாகாது.

கப்டன் அமெரிக்காவின் முதல் இதழ் 1941 மார்ச் எனத் தேதியிடப்பட்டு வெளிவந்தது. அதன் அட்டையில் வீரன் ஹிட்லரின் முகத்திற் குத்துகின்றான். ஐக்கிய அமெரிக்கா போரில் இறங்கியதோ அவ்வாண்டு டிசம்பரிலேயே. போரில் தலையிடாதிருத்தலே நன்று என்ற கருத்து அந்நாட்டில் வலுவாக நிலவிய வேளையில், யூதக் குடும்பங்களிற் பிறந்த ஜோ சைமன், ஜாக் கேர்பி என்னும் இரு இளைஞர் அவ்வட்டையை வெளிக்கொணர்ந்தனர். எனவே தேசக் கொடி அணிந்த இவ்வீரனின் பிறப்பு அரசின் கட்டளையால் நிகழ்ந்ததன்று. பாசிச எதிர்ப்புணர்வின் வெளிப்பாடாகவே அது அமைந்தது. இவ்வுண்மையை ஒதுக்கிவிட்டு அவனை வெறும் பிரசாரப் பொம்மை எனக் கூறுவது வரலாற்று நோக்காகாது.

ஆனால் 1954இல் அதே வீரன் 'கம்யூனிஸ்டுகளை நொறுக்குபவன்' என்ற அடைமொழியுடன் மீண்டும் வந்தான். மக்கார்த்தியின் வேட்டை நடந்த காலம் அது. அத்தொடர் மூன்று இதழ்களுடன் நின்றுபோயிற்று. பத்தாண்டுகளின் பின், 1964இல், ஸ்டான் லீயும் கேர்பியும் அவனைப் பனிக்கட்டியினின்றும் மீட்டனர். உலகப் போரின் இறுதிக் காலத்தில் கடலில் வீழ்ந்து அன்றுமுதல் உறைந்து கிடந்தான் என்பது கதை. அவ்வாறாயின் 1954இல் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடியவன் யார்? இதற்குக் கதையில் விடை கூறப்படவில்லை. சங்கடமான ஒரு தசாப்தம் மௌனமாக அழிக்கப்பட்டது. மறுவிளக்கத்தின் முதல் வகை இது. மறதியின் வழியாகப் பாத்திரத்தைத் தூய்மைப்படுத்துவது.

அம்மௌனத்தை உடைத்தவர் ஸ்டீவ் எங்கில்ஹார்ட். வியட்நாம் போர்க்காலத்தில் மனச்சாட்சியின் பேரில் படைச் சேவையை மறுத்து விலகியவர் அவர். 1972இல் அவர் எழுதிய கதையில் 1950களின் கப்டன் அமெரிக்கா உண்மையாகவே இருந்தவன், ஆனால் வேறொருவன். அசல் வீரன்மீது கொண்ட வெறியினால் தன் முகத்தையும் பெயரையும் மாற்றிக்கொண்டவன். குறைபட்ட மருந்தினால் அறிவு திரிந்தவன். கறுப்பின மக்களில் எதிரிகளையும் எங்கும் கம்யூனிஸ்டுகளையும் காண்பவன். அசல் வீரன் தன் உருவத்தோடேயே போரிட வேண்டியவனாகின்றான். முன்னோர் மறைத்ததை வெளியே எடுத்து, அம்மறைப்பையே விமர்சனப் பொருளாக்கியது இக்கதையின் சிறப்பு. இங்கு மறுவிளக்கம் திறனாய்வாக உயர்கின்றது எனலாம்.

1974 ஜூலை இதழில் எங்கில்ஹார்ட் மேலும் ஓர் அடி முன்சென்றார். அரசைக் கைப்பற்ற முயலும் இரகசியச் சாம்ராச்சியம் ஒன்றின் தலைவனை வீரன் வெள்ளை மாளிகை வரை துரத்திச் செல்கின்றான். முகமூடி கழற்றப்படுகின்றது, தலைவன் தற்கொலை செய்கின்றான். அவன் முகம் வாசகருக்குக் காட்டப்படவில்லை. வாட்டர்கேட் விவகாரம் உச்சநிலையில் இருந்த வேளை அது. நிக்சன் பதவி துறந்தது ஓகஸ்டிலேயே. தாம் கருதியது நிக்சனையே என எங்கில்ஹார்ட் பின்னர் கூறியுள்ளார். மனம் உடைந்த வீரன் தன் பெயரையும் உடையையும் துறந்து, 'நாடோடி' எனப் பொருள்படும் புதுப்பெயர் ஒன்றைச் சூடிக்கொள்கின்றான்.

இக்கதையின் துணிவை நாம் மதிக்கின்றோம். அதே வேளை அதன் எல்லையையும் சுட்டவேண்டும். அரசு கெட்டது ஒரு சதிக்கூட்டத்தினால். அக்கூட்டம் ஒழிந்தால் கனவு எஞ்சும். 1975இல் வீரன் பழைய உடையை மீண்டும் அணிந்துகொள்கின்றான். அமைப்பின் குற்றம் தனிமனிதரின் குற்றமாகச் சுருங்கிவிடுகின்றது.

இவ்வெல்லையைக் கடந்தது 2003இல் ரொபேர்ட் மொராலஸ் எழுதி, கைல் பேக்கர் வரைந்த 'உண்மை' என்னும் ஏழிதழ்த் தொடர். வீரனை உருவாக்கிய மருந்து யார் உடலிற் பரிசோதிக்கப்பட்டது என்பதே மொராலஸின் வினா. கறுப்பினப் படைவீரர் பலர் அறியாமலே சோதனைப் பொருளாக்கப்பட்டு மடிகின்றனர். எஞ்சிய ஐசாயா பிராட்லி கப்டன் அமெரிக்காவின் உடையை அணிந்து ஜெர்மனியில் நாசிகளுக்கெதிராகப் போரிட்டுத் திரும்புகின்றான். அவனுக்குக் கிடைத்த பரிசு சிறை. 1932 முதல் 1972 வரை அலபாமாவின் டஸ்கீகியில் கறுப்பின ஆடவரின் மேகநோய்க்குச் சிகிச்சை அளியாது அதன் போக்கை அரச சுகாதாரத் துறை அவதானித்த கொடுமை இக்கதைக்குப் பின்புலமாகின்றது. எங்கில்ஹார்ட் வீரனின் செயலையும் அவன் பணிபுரிந்த அரசையும் கேள்விக்குள்ளாக்கினார். மொராலஸ் அவன் தோற்றத்தையே கேள்விக்குள்ளாக்கினார். முன்னையதை ஒரு சதிகாரனின் மரணத்தால் முடித்துவிடலாம். பின்னையதற்கு அத்தகைய எளிய முடிவு இல்லை.

ஆகவே புதுமை அனைத்தும் முற்போக்கானதன்று. 2016இல் நிக் ஸ்பென்சர் கப்டன் அமெரிக்காவை இளமை முதலே பாசிச அமைப்பொன்றின் உறுப்பினனாகச் சித்திரித்தார். நாசிகளை எதிர்த்து யூத இளைஞர் படைத்த பாத்திரத்துக்கு இழைக்கப்பட்ட அவமதிப்பு இது எனப் பலர் கொதித்தனர். நடந்ததோ வேறு. 2017இல், 1974இன் கதைக்குரிய 'இரகசியச் சாம்ராச்சியம்' என்ற அதே தலைப்பில், அம்மாற்றம் மாயக் கனசதுரம் ஒன்றின் விளைவு எனத் தீர்க்கப்பட்டது; அசல் வீரன் களங்கமின்றி மீண்டான். நோயைக் காட்டும் தோரணையில் தொடங்கிய கதை, நோய்க்குக் காரணம் மாயம் எனக் கூறி முடிந்தது. அதிர்ச்சி விற்பனையாயிற்று, வினா எஞ்சவில்லை.

இங்கு நாம் முன்னர் கூறிய உடைமை உறவு மீண்டும் முன்னிற்கின்றது. தாம் படைத்த வீரனின் உரிமை கோரி சைமன் நடத்திய வழக்கு 2003இல் இணக்கமாக முடிந்தது. கேர்பியின் பாத்திரங்கள் தொடர்பாக அவர் வாரிசுகள் எழுப்பிய பிணக்கு, அவர் மறைந்து இருபது ஆண்டுகளின் பின், 2014இலேயே தீர்ந்தது. மார்வெல் நிறுவனமோ 2009இல் டிஸ்னிக்கு உடைமையாயிற்று. பாத்திரம் எத்தனை முறை கலகம் செய்தாலும் அடுத்த மாத இதழ் வெளிவந்தாக வேண்டும். அதற்கு வீரன் பழைய நிலைக்குத் திரும்பவேண்டும். ஐசாயாவின் கதைகூட, பல்லாண்டுகள் ஓரத்தில் கிடந்தபின், 2021இல் அந்நிறுவனத்தின் தொலைக்காட்சித் தொடர் ஒன்றில் இடம்பெற்றது. அதனால் அவ்வரலாற்றை இலட்சக்கணக்கானோர் அறிந்தனர் என்பதும் உண்மை. எதிர்ப்பும் பண்டமாயிற்று என்பதும் உண்மை. இவ்விரண்டில் ஒன்றை மட்டும் கூறுவது எமக்கு உடன்பாடன்று.

முடிவாக ஒன்று கூறலாம். வெகுசனக் கலையை முற்றாக நிராகரிப்பவர் எங்கில்ஹார்ட்டையும் மொராலஸையும் இழக்கின்றனர். மாற்றம் கண்டதும் மகிழ்பவர் ஸ்பென்சரிடம் ஏமாறுகின்றனர். புதிய ஆசிரியர் ஒருவர் பழைய வீரனைக் கையிலெடுக்கும்போது நாம் கேட்கவேண்டியது, அவன் எவ்வளவு மாறினான் என்பதன்று; அவன் வீரனாவதற்கு யார் விலை கொடுத்தனர் என அவ்வாசிரியர் வினவினாரா என்பதே.