பேரேட்டில் ஏறாத பெயர்கள்

சாலைக் கம்போளத்தில் நாற்பது வருஷமாகக் கடை வைத்திருப்பவன் நான். பேரேட்டில் எழுதாத பற்று, பற்றே அல்ல என்பது எங்கள் தொழில் பாடம். சரித்திரமும் அப்படித்தானோ என்று என்னை எண்ண வைத்தவர், மாண்டியாவில் பிறந்து மும்பையில் படமெடுக்கும் ஸ்ரீதர் ரங்கையன்.

2003இல் வந்த இவருடைய 'குலாபி ஆய்னா'வுக்குத் தணிக்கைக் குழு சான்றிதழ் தர மறுத்தது. மனிதர் சோர்ந்துவிடவில்லை. 2011இல் 'பிராஜெக்ட் போலோ' தந்தார். போலோ என்றால் பேசு. தன்பால் ஈர்ப்பினரும் திருநங்கையரும் தங்கள் வாழ்க்கையைத் தாங்களே சொன்ன வாய்மொழிச் சரித்திரம் அது. 2015இல் வந்த 'பிரேக்கிங் ஃப்ரீ', 377ஆம் பிரிவு இவர்களைப் படுத்திய பாட்டைப் பதிவு செய்தது. 2009இல் தில்லி உயர் நீதிமன்றம் திறந்த கதவை 2013இல் உச்ச நீதிமன்றம் அடைத்திருந்த காலம். மறுபடி திறந்தது 2018 செப்டம்பர் 6 அன்றுதான். அதற்கு முன்பே, படத்தொகுப்புக்கான தேசிய விருது இப்படத்துக்குக் கிடைத்துவிட்டது.

நன்னூல் செய்த பவணந்தி முனிவர் எங்கள் சமணர். பேடு என்ற சொல்லுக்குப் பால் வகுக்கையில் அவர் விருப்பத்தையே அளவாகக் கொண்டார். ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்பினால் பெண்பால். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்பினால் ஆண்பால். என்ன பெருந்தன்மை! ஆனால் அடுத்த அடியிலேயே, அஃறிணை போலவும் வழங்கலாம் என்று இடங்கொடுத்துவிட்டார். நான் தலைமேல் வைத்துப் போற்றும் நூல்தான். இருந்தாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஏட்டில் ஏற்றியும் மதிப்பைக் குறைத்த கணக்கு அது. ரங்கையனோ உரியவர்களைப் பேசவிட்டுக் கேட்டு எழுதினார். அவருடைய பெருமை அதில்தான் இருக்கிறது.

குறையும் உண்டு. 'பிரேக்கிங் ஃப்ரீ'யில் சட்டத்தின் கொடுமை தெரிகிற அளவுக்கு வீட்டின் மௌனம் தெரியவில்லை என்பது என் அபிப்பிராயம். அந்த பாக்கியைத் தீர்க்க அவருக்கே ஒரு கதைப்படம் தேவைப்பட்டது. கர்நாடகச் சிற்றூருக்கு வரும் மகன் தாயிடம் உண்மையைச் சொல்லும் 'ஈவினிங் ஷேடோஸ்' (2018) அது.

அந்தத் தாயைப் பார்த்தபோது என் சித்தப்பா மகன் நினைவு வந்தது. இருபது வயதில் ஊரை விட்டுப் போனான். ஏன் போனான் என்று எல்லாருக்கும் தெரியும். யாரும் வாய் திறக்கவில்லை, நான் உள்பட. இப்போது கடிதம் எழுதலாமென்றால் விலாசம் யாரிடமும் இல்லை.

நாம் குடியிருக்கும் கேரளம் 2015லேயே திருநர் கொள்கை வெளியிட்டது. அரசு எழுதிவிட்டது, நம் வீட்டுப் பேரேட்டில் அந்தப் பெயர்களை நாம்தான் ஏற்ற வேண்டும்.